மேட்டு லயத்துக்கு மேல தீ வந்தா: வெட்டுறதா, அடிக்கிறதா, கொளுத்துறதா, விட்டுர்றதா?

ஆடிக்காத்து ஆரம்பிக்க இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள ஊவாப் பக்கம் இருக்குற எங்க தேயிலைத் தோட்டத்துல ஒரு முடிவு எடுத்தாகணும். மேட்டு லயத்துக்கு, அதாவது நம்ம வரிசை வீடுகளுக்கு, மேல இருக்குற மானாப்புல்லு மலையும் அதுக்கும் மேல நிக்கிற பைனஸ் (பைன் மரக்) காடும் இந்த வருசமும் பத்திக்கிச்சின்னா நாம என்ன செய்யப்போறோம்? போன ஞாயித்துக்கிழமை கோயில் முன்னுக்கு கூட்டம் போட்டு ரெண்டரை மணித்தியாலம் பேசியும் ஒண்ணும் முடியல. ஒரு அண்ணன் இப்பவே புல்ல வெட்டி ஃபயர் பெல்ட் (தீ தாண்டாம இருக்க வெறுமையாக்கி விடுற பட்டை) போடுவோம்ங்கிறாரு, இன்னொருத்தர் சங்கத்துக் காசுல நெப்செக் டேங்க் (முதுகுல மாட்டி தண்ணி பீச்சுற டேங்க்) வாங்குவோம்ங்கிறாரு, எங்க தாத்தா வயசுல ஒருத்தர் "காத்து வர முன்னமே நாமளே கொளுத்தி விட்டுருவோம்டா"ங்கிறாரு, இளவட்டம் எல்லாம் ஹெலிகொப்டர் வரும்தானேங்குது. கடைசில ஒரு அக்கா எழும்பி "பைனஸ் காடு எரிஞ்சா எரியட்டும், அது என்ன நம்ம காடா?"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

அதுக்கு நடுவுல ஒரு தம்பி ஃபோன்ல வீடியோ ஒண்ணு காட்டினான், அமெரிக்காவுல பழங்குடி ஆளுங்களோட காட்டு நிலத்துல இடி விழுந்து தீ பிடிச்சா சில இடத்துல அணைக்கவே மாட்டாங்களாம், சுத்தி நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்களாம், "அவங்களே விட்டுர்றாங்க, நாம ஏன் சாகணும்"னு கேட்டான். நியாயமான கேள்வி. அதனாலதான் ரெண்டு மூணு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். படிச்சதையும் நம்ம மலையில நான் கண்ணால பாத்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுறேன். ஊவாப் பக்கம் இருக்குற மத்த தோட்டத்துக்காரங்களுக்கும் உதவும்னு நெனைக்கிறேன்.

முதல்ல தீ எங்கேருந்து வருதுங்கிறத பேசிருவோம், ஏன்னா எந்த வழிய எடுக்கணும்ங்கிறது அதுல தொங்குது. அமெரிக்காவோட மேற்குப் பக்கம் கோடைக்காலத்துல காத்து ரொம்ப காஞ்சு கெடக்கும், மேகம் கட்டி இடி இடிக்கும், ஆனா மழை கீழ வந்து சேர முன்னமே ஆவியாயிரும், அதத்தான் காய்ஞ்ச இடின்னு சொல்றாங்க. அந்த இடி ஆள் போகாத உச்சியில ஒரு பட்ட மரத்துல விழும், உள்ளுக்குள்ளயே நாள்கணக்கா கனிஞ்சுக்கிட்டு கெடந்துட்டு காத்து கிளம்புற அன்னிக்கு வெளிய வரும். நம்ம ஊர்ல இடி எப்ப வருது? பங்குனி சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும், பின்னேரம் மூணு மணிக்கு மேல, கூடவே மழையும் கொட்டுது. நம்ம இடியே தீயைப் பத்தவச்சாலும் நம்ம மழையே அதை அணைச்சிரும். நம்ம மலையில வர்ற தீ ஏறக்குறைய எல்லாமே மனுசன் கையால வர்றதுதான். மாட்டுக்கு புதுப்புல்லு வரட்டும்னு வைக்கிறது, வேட்டைக்கு வைக்கிறது, தேன் எடுக்கப் போறவன் விட்டுட்டு வர்றது, குப்பை கொளுத்துறது, மலையேற வர்றவன் சிகரெட்டை வீசுறது. இதுல ரெண்டு விசயம் இருக்கு. ஒண்ணு, தீ ஆள் நடமாட்டத்துக்கு பக்கத்துலயே, அதாவது லயத்துக்குப் பக்கத்துலயே பிறக்குது. ரெண்டாவது, அது மழையோட வராம காத்தோட வருது.

காத்துன்னா சும்மா காத்து இல்ல. தென்மேல் பருவக்காத்து ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையெல்லாம் கொட்டித் தீத்துட்டு மலையைத் தாண்டி நம்ம பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இறங்கும்போது காஞ்சு போய், சூடேறி இறங்குது. கெழக்குப் பக்கத்து ஆளுங்க கச்சான்னு சொல்றது இதைத்தான். ஊவாத் தேயிலைக்கு உலகமெல்லாம் பேர் வாங்கிக் குடுக்குற அந்த மணம் ஆடி, ஆவணியில இந்தக் காத்துலதான் கொழுந்துல ஏறுது, அதே காத்துதான் மானாப்புல்லை காகிதம் மாதிரி காயவச்சு தீயைத் தூக்கிக்கிட்டு ஓடுது. ஹட்டன் பக்கத்து ஆளுங்களுக்கு தீக்காலம் வேற, அங்க தைலேருந்து பங்குனி வரைக்கும். அதனால இங்க நான் சொல்ற மாசக்கணக்கை அவங்க அப்படியே எடுக்க வேணாம்.

சரி, தம்பி சொன்ன "விட்டுர்றது". அது பொய் இல்ல. மொன்டானா மாநிலத்துல சேலிஷ், கூட்னே பழங்குடிங்க ஒண்ணா இருக்குற ஃப்ளாட்ஹெட் நிலம்னு ஒண்ணு இருக்கு. அவங்க 1982ல மிஷன் மலைத்தொடர்ல தங்களோட பங்கை தாங்களே காட்டுக்காப்பா அறிவிச்சாங்க, அமெரிக்காவுலயே ஒரு பழங்குடி அரசு தானா முடிவெடுத்து அப்படி செஞ்சது அதுதான் முதல் தடவை. அந்த மாதிரி வீடில்லாத உச்சிக்காட்டுல இடித்தீ வந்தா பாறை, ஓடை, பனி இதெல்லாம் பாத்து எதுவரைக்கும் போக விடலாம்னு கணக்குப் போட முடியும். ஆனா அது அவங்களால முடியுறதுக்கு காரணம் இருக்கு. தீக்கும் வீட்டுக்கும் நடுவுல பல மைல் இருக்கு, ஐப்பசில பனி வந்து மிச்சத்தை அணைச்சிரும், முக்கியமா அவங்களுக்குன்னு சொந்தமா தீயணைப்புப் பிரிவு இருக்கு. விடுறதும் அவங்க முடிவு, அடிக்கிறதும் அவங்க முடிவு. இடித்தீன்னா எப்பவும் தூரத்துலயே நிக்கும்னும் நெனைக்கக்கூடாது. 2021 யூலையில வாஷிங்டன் மாநிலத்துல கொல்வில் பழங்குடி நிலத்துல இடி விழுந்து பிடிச்ச தீ நெஸ்பெலெம்ங்கிற ஊருக்குள்ளயே இறங்கி வீடுகளை எரிச்சது. அன்னிக்கு யாரும் நின்னு வேடிக்கை பாக்கல, ராத்திரியில ஊரைக் காலி பண்ணினாங்க.

நமக்கு மேட்டு லயத்துக்கும் புல்லு மலைக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு கான் (தண்ணி ஓடுற வாய்க்கால்), நாலு வாழை, ஒரு கோழிக்கூடு. இதுல விடுறதுங்கிற பேச்சுக்கே இடமில்ல. இன்னொண்ணும் இருக்கு. மானாப்புல்லு எரிஞ்ச மலை ஐப்பசி மழைக்கு மொட்டையா நிக்கும், வேர் மட்டும்தான் மண்ணைப் பிடிச்சிருக்கும், சாம்பல் படிஞ்ச மண்ணுல தண்ணி உள்ள இறங்காம மேலாலயே ஓடி நாம தண்ணி பிடிக்கிற பீலிக்கு வர்ற ஊத்துக்கண்ணை மண்ணால அடைச்சிரும். எங்க பீலியில ஒரு வருசம் நாலு மாசத்துக்கு கலங்கல் தண்ணிதான் வந்துச்சு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயம் மூடினதை இந்தப் பக்கத்துல யாரும் மறக்கல. அது தீயால வந்ததுன்னு நான் சொல்ல வரல, ஆனா மழைக்காலத்துக்கு முன்ன மேல இருக்குற மலை மொட்டையாகிறதை யாராவது லேசா எடுத்தா எனக்கு வயித்தைக் கலக்குது. அக்காவுக்கு என் பதில் இதுதான். காடு நம்ம பேர்ல இல்ல, சரி. அந்தக் காட்டுலேருந்து வர்ற தண்ணியும் தீயும் மண்ணும் நம்ம வாசலுக்குத்தான் வருது.

ஹெலிகொப்டர். எல்ல பாறைப் பக்கம் எரிஞ்சப்போ விமானப்படையோட பெல் 212 ஹெலிகொப்டர் வாளியைத் தொங்க விட்டுக்கிட்டு வந்ததை எல்லாரும் வீடியோவுல பாத்தோம். நல்ல வேலைதான், மனுசன் ஏற முடியாத பாறைக்கு அதைத் தவிர வேற வழி இல்ல. ஆனா அந்த வாளியில ஒரு தடவைக்கு வர்றது ஒரு பவுசர் தண்ணியில ஒரு பங்குதான். காத்து பலமா இருந்தா, புகை மூடினா, இருட்டினா பறக்க முடியாது. நம்ம தீ எப்ப பெருசாகும்? காத்து பலமா இருக்குறப்போதான். அதுவும் இல்லாம மேலேருந்து ஊத்துற தண்ணி தீயோட வேகத்தை மட்டுந்தான் கொறைக்கும், கீழ ஆள் நின்னு அடிச்சு மண்ணைப் போட்டு மூடலைன்னா ஒரு மணித்தியாலத்துல திரும்பக் கிளம்பிரும், பைனஸ் ஊசி மெத்தை மாதிரி கெடக்குற இடத்துல கேக்கவே வேணாம். அதோட அதைக் கூப்பிடுறது நாம இல்ல. நாம 117க்கு அடிக்கணும், அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டத்துக்கு சொல்லணும், அங்கேருந்து கோரிக்கை போகணும். மூணு வருசத்துக்கு முன்ன ஆவணியில தீ வந்தப்போ நானே ஒரு ஆபிசுக்கு ஒன்பது தடவை அடிச்சேன், அவங்க இன்னொரு நம்பர் குடுத்தாங்க, அந்த நம்பர்ல "அது எங்க எல்லை இல்ல"ன்னாங்க. அதுக்குள்ள தீ ரெண்டு மேடு தாண்டி வந்திருச்சு. அதனால 117 (அனர்த்த நிலையம்), 110 (தீயணைப்பு), 119 (பொலிஸ்) மூணுக்கும் முதல் நிமிசமே அடிக்கணும், ஆனா அதை நம்பி கையைக் கட்டிக்கிட்டு இருக்கக்கூடாது.

இப்ப தாத்தா சொன்னது. இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா படிக்கப் படிக்க தாத்தா சொல்றதுல எவ்வளவு அறிவு இருக்குன்னு புரிஞ்சிச்சு. அமெரிக்காவுல 1910ல ஆகஸ்ட் மாசம் ரெண்டே நாள்ல ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் எரிஞ்சது, அந்தப் பயத்துல 1935ல ஒரு சட்டம் மாதிரி கொண்டு வந்தாங்க, எந்தத் தீயா இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள்ள கட்டுப்படுத்தணும்னு. அதுக்கு முன்ன பழங்குடி ஆளுங்க காலங்காலமா சின்னச் சின்னத் தீயா வச்சு காட்டை சுத்தமா வச்சிருந்தாங்க, இடியும் அடிக்கடி அந்த வேலையைச் செஞ்சுச்சு. ரெண்டையும் நிறுத்தினதும் கீழ குப்பையும் கண்ணு மரமும் அடைச்சு, அடுத்து வந்த தீ உச்சி மரத்தையே பிடிச்சது. பழங்குடி நிலத்துக் காடுகள்ல வேலை செஞ்ச ஹெரல்ட் வீவர்ங்கிற வன அதிகாரி 1943லயே இதை எழுதினாரு, தீயை முழுசா தடுக்குறதுதான் இந்தப் பைன் காட்டைக் கெடுக்குதுன்னு. அப்ப அதை ஏத்துக்கிட்டவங்க கொஞ்சப் பேர்தான். அவுஸ்திரேலியாவுல மேற்கு ஆர்னம் லாண்ட்ல பழங்குடி ரேஞ்சர்மார் 2006லேருந்து 28,000 சதுர கிலோமீட்டர்ல, அதாவது இலங்கையில பாதிக்கு கொஞ்சம் குறைவான நிலத்துல, காய்ஞ்ச காலம் தொடங்குறப்பவே ஈரம் இருக்கும்போது துண்டு துண்டா எரிச்சு விடுறாங்க, கடைசில இடியோட வர்ற பெரிய தீக்கு எரிய ஒண்ணும் மிஞ்சாம. தாத்தா சொல்றதும் அதே கதைதான், சித்திரை மழை விட்டு புல்லு அரைப்பச்சையா இருக்குறப்போ, விடியக்காலைல, மேலேருந்து கீழ எரியிற மாதிரி வைக்கணும்ங்கிறாரு. மேலேருந்து கீழ வர்ற தீ மெதுவா வரும், சரியான கணக்கு.

ஆனாலும் நான் இதுக்கு கை தூக்க மாட்டேன். வன ஒதுக்குக்குள்ள தீ வைக்கிறது 1907ஆம் வருசத்து வனச் சட்டத்துலேருந்தே குற்றம், பிடிபட்டா நம்ம பிள்ளைங்கதான் கோட்டுக்கு அலையணும். புல்லு மலை யார் பேர்ல இருக்கு? கொஞ்சம் கம்பெனி, கொஞ்சம் வன இலாகா, எல்லைக்கல்லு எங்கன்னு கணக்கப்பிள்ளைக்கே சரியா தெரியாது. ஆர்னம் லாண்ட்ல நிலம் அவங்க நிலம். அமெரிக்காவுலயும் 1975ல சட்டம் வந்த பிறகு பல பழங்குடி அரசுங்க தங்கள் காட்டையும் தீயணைப்பையும் தாங்களே நடத்துறாங்க. நம்ம ஆளுங்க 200 வருசமா இந்த மலையில இருந்தும் ஏழு பேர்ச்சு நிலத்துக்கு இன்னும் அலையிறோம், இதே பதுளை மாவட்டத்துல தம்பானையில இருக்குற ஆதிவாசி மக்களுக்கு 1983ல மாதுறு ஓயா தேசிய பூங்கா வந்தப்போ தங்கள் காட்டுக்குள்ளயே போக அனுமதி இல்லாமப் போச்சு. நிலத்துல உரிமை இல்லாதவன் கையில தீக்குச்சி இருந்தா அது குற்றம்தான், அவன் மனசுல என்ன அறிவு இருந்தாலும். அதோட தாத்தாவுக்கு காத்து தெரியும், கூடப் போற பதினெட்டு வயசுப் பிள்ளைங்களுக்கு தெரியாது. மானா திரும்ப ரெண்டு மாசத்துல முளைச்சிரும்ங்கிறதையும் சேத்துக்கோங்க. வன இலாகா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, அவங்க முன்னுக்கு, அவங்க கையெழுத்தோட செய்றதா இருந்தா நான் முதல் ஆளா வருவேன், தாத்தாவைத்தான் முன்னால நிறுத்தணும்.

நேரா போய் அடிக்கிறது. இதுதான் நாம எப்பவும் செய்றது, பச்சைக் கொப்பை ஒடிச்சுக்கிட்டு, நனைச்ச சாக்கை எடுத்துக்கிட்டு ஓடுறது. முதல் அரை மணித்தியாலத்துல, தீ முழங்கால் உயரத்துக்கு இருக்குறப்போ, பத்துப் பேர் சேந்தா இதை விட நல்ல வழி இல்ல. நெப்செக் டேங்க் இருந்தா இன்னும் நல்லது, பதினாறு லீட்டர் பெருசா ஒண்ணும் இல்லதான், ஆனா ஒருத்தர் அடிக்க ஒருத்தர் பின்னால கனலுக்கு பீச்சிக்கிட்டே வந்தா திரும்பப் பத்தாது. (களைநாசினி அடிச்ச டேங்கை கழுவாம கொண்டு போகாதீங்க, அந்தப் புகையை யாரு மூச்சுல வாங்குறது.) பயம் எதுலன்னா தீ பெருசான பிறகும் அதே மாதிரி ஓடுறதுல. மலை ஒவ்வொரு 10 பாகை செங்குத்தாகும்போதும் மேல ஏறுற தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது. 1949 ஆகஸ்ட் 5ஆம் திகதி மொன்டானாவுல மேன் கல்ச்ங்கிற பள்ளத்தாக்குல இடியால வந்த தீயை அணைக்க பரசூட்ல குதிச்சவங்க, நல்லா பயிற்சி எடுத்த வாலிபப் பிள்ளைங்க, புல்லுச் சரிவுல மேல ஓடி, அவங்கள்ல 12 பேரும் தரையில வந்து சேந்துக்கிட்ட ஒருத்தருமா 13 பேர் செத்துட்டாங்க. அவங்க தலைவர் வாக்னர் டொட்ஜ் முன்னால இருந்த புல்லை தானே கொளுத்தி, எரிஞ்ச சாம்பல்ல படுத்து தப்பினாரு. கூப்பிட்டாரு, மத்தவங்களுக்கு புரியல, தாண்டி ஓடிட்டாங்க. இவ்வளவு தூரம் ஏன் போகணும், 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணி மலையில மலையேறப் போன பிள்ளைங்க 20 பேருக்கு மேல செத்தது நம்ம புல்லு மலை மாதிரி இடத்துலதான்.

அதனால அடிக்கப் போறதா இருந்தா, தீக்கு மேல நிக்கவே கூடாது. எரிஞ்சு முடிஞ்ச கரிப்பக்கம் நின்னு, வால்லேருந்து ஆரம்பிச்சு ரெண்டு விலாவையும் ஒடுக்கிக்கிட்டே போகணும். ஒருத்தர் எதிர் மேட்டுல நின்னு காத்தையும் தீயையும் மட்டும் பாத்துக்கிட்டு விசில் ஊதணும், அவரு அடிக்க வரக்கூடாது. ஓடுறதுக்கு வழி எதுன்னு ஏற முன்னமே எல்லாருக்கும் தெரியணும், அந்த வழி கரியாவோ கவ்வாத்து வெட்டின தேயிலையாவோ இருக்கணும். நைலோன் ஜேர்சி போட்டுக்கிட்டு போகாதீங்க, உடம்போட ஒட்டிக்கும். பகல்ல பெருசாயிட்டா விடியக்காலை மூணு நாலு மணி வரைக்கும் காத்திருக்கிறது கோழைத்தனம் இல்ல, அப்பதான் காத்து அடங்கி பனி இறங்கி புல்லு நமத்துப் போயிருக்கும்.

மிஞ்சினது ஃபயர் பெல்ட். நான் இதுக்குத்தான் கை தூக்குறேன். காரணம் எளிசு. மத்த எல்லாத்துக்கும் தீ வந்த பிறகு யாராவது வரணும், இல்ல யாராவது அனுமதி குடுக்கணும். இது தீ வர முன்னம், நம்ம கையில இருக்குற மம்பட்டியாலயும் கத்தியாலயும், தோட்டத்து எல்லைக்குள்ளயே முடியுற வேலை. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், அவருக்கும் தேயிலை எரியக்கூடாதுதானே. பழங்குடி ஆளுங்ககிட்டேருந்து நாம எடுக்க வேண்டியதும் இதுதான்னு எனக்குப் படுது. நெருப்பை விடுறது, விமானம் வரவழைக்கிறது எல்லாம் அவங்க நிலத்துக்கும் அவங்க காசுக்கும் பொருந்தும். காலத்துக்கு முன்னமே மலைக்குப் போய் கை வைக்கிறது எங்கயும் பொருந்தும்.

ஆனா சும்மா மூணு அடிக்கு ஒரு பாதை செதுக்கிட்டு ஃபயர் பெல்ட்னு சொல்லாதீங்க. நாங்க போன தடவை அதைத்தான் செஞ்சோம், தீ ஒரு தாவுல தாண்டிருச்சு. மானா ஆள் உயரத்துக்கு நிக்குற இடத்துல பெல்ட்டு அந்த உயரத்தைப் போல ரெண்டு மூணு மடங்காவது அகலம் வேணும், நடுவுல கொஞ்ச அகலத்துக்கு வேரோட செதுக்கி மண்ணு தெரியணும், மிச்சத்தை அடியோட வெட்டி வாரினா போதும். வாரின புல்லை தேயிலைக்கு அடியில போடலாம், மானா நல்ல மூடாக்குன்னு நமக்கே தெரியும். சரிவுக்கு நடுவுல வெட்டாம மேட்டு முதுகுலயோ, ரோட்டை, கானை, பாறையை ஒட்டியோ வெட்டினா பாதி வேலை மிச்சம். பைனஸ் காட்டுக்கு கீழ வர்ற துண்டுல பெல்ட்டோட கீழ்க்கரையில ஒரு கான் வெட்டியே ஆகணும், எரியிற பைனஸ் காய் உருண்டு வந்து பெல்ட்டைத் தாண்டி கீழ விழுந்து லயத்துப் பக்கம் புதுத்தீ வைக்கும், நான் கண்ணால பாத்தேன். மழைக்கு முன்ன குறுக்க குறுக்க சின்ன வரப்பு போட்டு விடணும், இல்லன்னா அதே பெல்ட்டு ஐப்பசில ஓடையாகி மண்ணை அரிச்சிரும். இதுல உள்ள கஷ்டத்தையும் சொல்லணும், வருசா வருசம் செய்யணும், வைகாசில வெட்டினது ஆவணிக்குள்ள திரும்ப முளைக்கும், நடுவுல ஒரு தடவை செதுக்கணும். பலமான காத்துல பொறி பறந்தா எந்த பெல்ட்டும் முழுசா நிப்பாட்டாது, தீயோட வேகம்தான் கொறையும், பின்னால நிக்க ஆள் வேணும்.

அதனால கூட்டத்துல நான் வைக்கப்போறது இப்படித்தான். உழைப்பு முழுக்க பெல்ட்டுக்கு, மேட்டு லயத்துக்கு மேல ரோட்டு வளைவுலேருந்து பெரிய பாறை வரைக்கும் முதல்ல. காசுல நாலு நெப்செக் டேங்க், ரெண்டு விசில், பத்து சாக்கு, பீலிக்கரையில ஒரு பெரல் தண்ணி எப்பவும் நிறைஞ்சு. எட்டுப் பேர் முதல் அரை மணித்தியாலத்துக்கு, அதுக்கு மேல போனா பிள்ளைங்களையும் வயசானவங்களையும் ஸ்கூலுக்கு இறக்குறதுதான் வேலை. 117க்கு அடிக்கிற பொறுப்பு ஒரே ஆள்கிட்ட, கூடவே கிராம சேவகர் நம்பரும் வன இலாகா பீட் ஆபிசர் நம்பரும் ஒவ்வொரு லயத்துக் கதவுலயும் எழுதி ஒட்டுறது. தாத்தாவோட யோசனையை கடிதமா எழுதி வன இலாகாவுக்கு குடுக்குறது, இந்த வருசம் இல்லைன்னாலும் அடுத்த வருசம் யாராவது வந்து பாக்கட்டும். கேள்வி கேட்ட அக்காவைத்தான் நான் எட்டுப் பேர்ல ஒருத்தரா கேக்கப்போறேன், எதிர் மேட்டுல விசிலோட நிக்க. கொழுந்து மலையில பத்து வருசமா நின்னவங்களுக்கு காத்து எப்ப திரும்பும்னு நம்ம எல்லாரையும் விட நல்லா தெரியும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு பீலிக்கரையில சேருவோம். மம்பட்டி, கத்தி, மண்ணு கிளர்ற முள்ளு எது இருந்தாலும் கொண்டு வாங்க, தேத்தண்ணியும் ரொட்டியும் சங்கத்துல.